உங்கள் தெரிவை விளையாட்டு எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'அல்டிமா 4' என்ற கணினி விளையாட்டில் சில மூலிகைக் கடைகள் உண்டு. கடைக்காரருக்குக் கண் தெரியாது. நீங்கள் கேட்ட மூலிகைக்கு இத்தனை பொற்காசு என்று விலை சொல்லப்படும். பிறகு, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று விளையாட்டு உங்களையே கேட்கும். சொன்ன விலையைத் தட்டச்சு செய்யலாம். ஒரே ஒரு காசு என்றும் தட்டச்சு செய்யலாம். குறைத்துக் கொடுத்தால் யாரும் கூச்சல் போடமாட்டார்கள், காவலர் ஓடி வரமாட்டார். மூலிகை உங்கள் பைக்குள் வந்துவிடும்.

ஆனால் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். நேர்மை, பரிவு, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டுப் பண்புகளுக்கும் இந்த விளையாட்டு ஆளுக்கோர் எண்ணை மறைவாக வைத்திருக்கிறது. கடைக்காரரை ஏமாற்றும் ஒவ்வொரு முறையும் நேர்மைக்கான எண் இறங்கும். எட்டிலும் தேறினால்தான் கதையை முடிக்க முடியும். பல மணி நேரம் விளையாடிய பிறகு, அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய், "என் நேர்மை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போதுதான் பலருக்கு அந்தப் பழைய கணக்கு தெரியவந்தது. கடைசியில் வீழ்த்த வேண்டிய கொடிய வில்லன் என்று இந்தக் கதையில் ஒருவரும் இல்லை. உங்கள் நடத்தைதான் கதை. இதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை, அதாவது 'ஆர்பிஜி' வகையை, மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நினைவுதான். பந்தயக் காரை ஓட்டி முடித்ததும் அந்த ஓட்டம் முடிந்துபோகிறது. இங்கே நீங்கள் முதல் மணி நேரத்தில் சொன்ன ஒரு பொய், முப்பதாவது மணி நேரத்தில் உங்கள் முன் வந்து நிற்கலாம்.

அந்த நினைவு எதனால் ஆனது? நிரலாளர்கள் அதை 'கொடி' என்பார்கள். ஒன்றைச் செய்தால் கொடி ஏறும், செய்யாவிட்டால் இறங்கியே இருக்கும். ஏறினால் 1, இறங்கினால் 0. பாட்டிக்கு மருந்து கொடுத்தீர்களா? 1. பாலத்தை எரித்தீர்களா? 0. நீங்கள் விளையாட்டைச் சேமிக்கும்போது இந்த ஒன்றுகளும் சுழியங்களும் கோப்பில் போய் உட்காருகின்றன. பிறகு அந்தப் பாட்டியின் பேரனைச் சந்திக்கும்போது, "கொடி 1 என்றால் இந்த வசனம், 0 என்றால் அந்த வசனம்" என்று நிரல் பார்த்துச் சொல்கிறது. ஆயிரம் கொடிகளை வைக்க 125 பைட் போதும். இந்தக் கட்டுரையின் ஒரு நடுத்தர வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் சேமிக்கவே அதைவிடக் கூடுதல் இடம் தேவைப்படும்.

ஆக, நினைவில் வைத்துக்கொள்வது கணினிக்குச் சுலபம். கொடியைப் பார்த்துப் பேசுவதற்கு வேண்டிய வசனத்தை எழுதுவதில்தான் சிக்கல்.

இந்த விளையாட்டுகளின் மூதாதைக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குக் கணினியே தேவையில்லை. மேசையைச் சுற்றி நண்பர்கள், தாள், பென்சில், பகடைகள். ஒருவர் கதைசொல்லியாக இருப்பார். "நான் அரக்கனோடு சண்டை போடவில்லை, பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னாலும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதையைத் தொடர்வார். கணினி விளையாட்டில், எழுத்தாளர் முன்கூட்டியே எழுதி வைத்தது மட்டும்தான் நடக்கும்.

எவ்வளவு எழுத வேண்டும்? கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு தெரிவும் கதையை இரண்டாகப் பிரிக்கிறது, பிரிந்தவை மீண்டும் சேர்வதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தெரிவுகளுக்குப் பிறகு 1,024 கதைகள். இருபது தெரிவுகளுக்குப் பிறகு 1,048,576. முடிவு ஒன்றை எழுத ஒரு நாள் என்றால், ஓர் எழுத்தாளருக்கு ஏறக்குறைய 2,870 ஆண்டுகள் பிடிக்கும். இருபது தெரிவு என்பது நல்ல ஆர்பிஜி ஒன்றில் முதல் மாலைப்பொழுதுக்குக்கூடக் காணாது.

எனவே எழுத்தாளர்கள் பாதைகளைப் பிரித்துவிட்டு மறுபடியும் சேர்க்கிறார்கள். எம்ஆர்டி வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து சிட்டி ஹாலுக்குப் போக வேண்டும். பச்சைப் பாதையில் ஏறினால் கிளமெண்டி, குவீன்ஸ்டவுன் வழியாகப் போவீர்கள். சிவப்புப் பாதையில் ஏறினால் உட்லண்ட்ஸ், பீஷான் என்று தீவைச் சுற்றிக்கொண்டு வருவீர்கள். பார்த்த காட்சிகள் வேறு, உடன் பயணம் செய்தவர்கள் வேறு, ஆனால் இறங்கும் நிலையம் ஒன்று. பெரும்பாலான ஆர்பிஜி கதைகளும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

"அப்படியானால் என் தெரிவு வெறும் ஏமாற்றா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' மூன்று பாக விண்வெளிக் கதை. முதல் பாகத்தின் சேமிப்புக் கோப்பை இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் எடுத்துச் செல்லலாம். முதல் பாகத்தில் ரெக்ஸ் என்ற குரோகன் இன வீரர் உங்கள் கப்பலில் இருக்கிறார். ஒரு கடுமையான வாக்குவாதத்தில் அவரை நீங்கள் சமாதானப்படுத்தலாம். முடியாமல்போனால் அவர் அங்கேயே இறந்தும்போகலாம்.

இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளிக்குப் பிறகு வந்த இரண்டாம் பாகத்தில் குரோகன்களின் கோளுக்குப் போகிறீர்கள். ரெக்ஸ் உயிரோடு இருந்தால் அவர்தான் குலத் தலைவர், உங்களைக் கண்டதும் நண்பனைப்போல் வரவேற்கிறார். இறந்திருந்தால் அதே இடத்தில் அவருடைய சகோதரர் ரீவ் இருக்கிறார். நடக்கும் சம்பவங்கள் ஏறக்குறைய அவையேதான். எழுத்தாளர்கள் புதிதாக ஒரு கதையை எழுதவில்லை, ஓர் ஆளை மாற்றினார்கள். ஆனால் மூன்றாம் பாகத்தில், குரோகன்கள் பெருகாமல் தடுக்கும் ஒரு நோயைக் குணப்படுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டி வரும்போது பாருங்கள். தலைமையில் ரெக்ஸ் இருந்தால் தயக்கம் குறைவு. ரீவ் பழிவாங்கும் நாளுக்காகக் காத்திருப்பவர். அவர் கையில் ஒரு படையைக் கொடுப்பதா? கேள்வி அதுதான், கொடி ஒன்றுதான் மாறியது, உங்கள் விரல் பொத்தானை அழுத்தத் தயங்குகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே மூன்றாம் பாகம் வேறொன்றையும் காட்டியது. கதையின் கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான காட்சிகள் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறி வந்தன. உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் முடிவுக் காட்சிகளை விரிவாக்கி இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. முடிவுகளின் எண்ணிக்கை குறைவு என்பதல்ல அவர்கள் கோபம் என்பது என் கருத்து. ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கொடிகளை, கடைசி நிலையத்தில் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அதுதான் வலித்தது.

எண்ணிக்கையைக் கண்டு அசந்துபோக வேண்டியதும் இல்லை. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் முடிவுகள் 17,000 விதமாக மாறலாம் என்று சொல்லப்பட்டது. (பெரியவர்களுக்கான விளையாட்டு அது, இங்கே கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.) வெறும் 14 கொடிகள் இருந்தாலே 16,384 சேர்க்கைகள் வந்துவிடும். 17,000 கதைகள் எழுதப்பட்டன என்று பொருளல்ல. ஆனால் சேர்க்கைகள் கூடக்கூடச் சோதிப்பவர்களின் பாடு திண்டாட்டம்தான். ஒரு கொடியைக் கவனிக்கத் தவறினாலும், மூன்றாம் அத்தியாயத்தில் இறந்தவர் ஐந்தாம் அத்தியாயத்தில் வந்து காலை வணக்கம் சொல்வார்.

கொடிகளை வைத்து நான் கண்ட மிகத் துணிச்சலான வேலை 2015இல் வந்த 'அண்டர்டேல்'. டோபி ஃபாக்ஸ் இசை உட்படப் பெரும்பகுதியைத் தாமே செய்தார். (இனிமேல் விளையாட நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

தொடக்கத்தில் டோரியல் என்ற தாயுள்ளம் கொண்ட பாத்திரம் உங்களைக் காப்பாற்றி, சமைத்துப் போட்டு, வெளியே போனால் ஆபத்து என்று வழியை மறிக்கிறது. சண்டையிடாமலே அவரைக் கடந்துசெல்ல வழி இருக்கிறது. அது புரியாமல் பலர் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். மனம் கேட்காமல் விளையாட்டை மூடி, பழைய சேமிப்பைத் திறந்து, இந்த முறை அவரை உயிரோடு விடுகிறார்கள். அப்பாடா என்று கதவைத் தாண்டினால் அங்கே ஒரு பூ நிற்கிறது. நீங்கள் முதலில் செய்ததும், வருந்தித் திரும்பி வந்ததும் அதற்குத் தெரியும். எப்படி? நீங்கள் திறந்த சேமிப்புக் கோப்பைத் தவிர, இன்னொரு கோப்பிலும் விளையாட்டு குறித்து வைத்திருந்தது. பழைய சேமிப்பைத் திறந்தாலும் அந்த இரண்டாவது கோப்பு பின்னோக்கிப் போவதில்லை. தொழில்நுட்பம் என்று பார்த்தால் சில வரி நிரல்தான். ஆனால் 'திரும்பத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று விளையாடுபவர் அதுவரை நம்பியிருந்த இடத்தில் ஃபாக்ஸ் கைவைத்தார்.

இதையெல்லாம் நீங்களே செய்து பார்க்கலாம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய 'டுவைன்' என்ற மென்பொருள் இலவசம், உலாவியிலேயே இயங்கும். காட்சிகளைப் பெட்டிகளாக எழுதி, அம்புக்குறிகளால் இணைத்தால் தெரிவுகள் உள்ள கதை தயாராகிவிடும். கொடிகளும் வைக்கலாம், தமிழிலும் எழுதலாம்.

சின்னதாகத் தொடங்குங்கள். உங்கள் புளோக்கின் மின்தூக்கி. கதவு மூடும் நேரத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி மூச்சுவாங்க ஓடி வருகிறார். கதவைப் பிடித்து நிறுத்தலாம். பார்க்காததுபோல் கைப்பேசியில் மூழ்கலாம். ஒரு கொடி. மறுநாள் நீங்கள் இரண்டு கைகளிலும் பைகளோடு வருகிறீர்கள், மின்தூக்கிக்குள் அவர் நிற்கிறார். அவர் சொல்லப்போவதை இரண்டு விதமாக எழுதுங்கள். இரண்டிலும் அவர் கதவைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் வேலை இன்னும் கடினம், இன்னும் சுவை. பிறகு இரண்டாவது கொடியைச் சேருங்கள்: போன வாரம் அவர் கொடுத்த கேசரியை நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா? வசனங்கள் நான்காகும். மூன்றாவது கொடிக்குப் போகும் முன் ஒரு தாளில் பாதைகளை வரைந்து, எவற்றை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று பாருங்கள்.