கணினிப் பதிகைகளும் கருவித் தேர்வும்

கருவியொன்றின் தகுதியை, அதைக் கையாளும் மனிதரின் உழைப்பு நிலைமைகளினின்றும் பிரித்து மதிப்பிட முடியாது. லினக்ஸ் பணிமுறைமையின் பதிகைகளைப் பார்வையிடுவதற்கான கருவிகளுக்கும் இது பொருந்தும்.

கீரிமலைக் கேணியின் நன்னீர், சுண்ணக்கற் பாறையினூடே கண்ணுக்குப் புலப்படாது வந்து கடலோரத்தில் ஊறுகின்றது. கணினியின் இயக்கமும் அவ்வாறே மறைந்து நிகழ்வது. அது வெளிப்படும் இடம் பதிகையாகும். எவர் எப்போது உள்நுழைந்தார், எச்சேவை தடைப்பட்டது, வட்டில் என்ன பழுது நேர்ந்தது என்பவற்றை அது காலமுறைப்படி குறித்து வைக்கின்றது. 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகங்களை இணையத்தில் நடத்துவோர்க்கு இக்குறிப்புகள் இன்றியமையாதவை.

1980களில் பேர்க்லியில் எரிக் ஆல்மன், செண்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக ஆக்கிய சிஸ்லொக் முறை, காலப்போக்கில் பொதுமுறையாயிற்று. அது நிகழ்வுகளை 0 முதல் 7 வரை எட்டுத் தரங்களாகப் பகுக்கின்றது. 0 மிகக் கடுமையானது. இம்முறையில் பதிகைகள் பொதுவாக வெற்றெழுத்துக் கோப்புகளாகவே சேமிக்கப்பட்டமையால் எக்கருவியாலும் அவற்றை வாசிக்க முடிந்தது. 2011இல் அறிமுகமான சிஸ்டம்டி ஜேர்னல், பதிகைகளை இருமக் கோப்புகளிற் சேமிக்கின்றது. தேடல் விரைவாயிற்றெனினும், வாசிப்பதற்கு ஜேர்னல்சிடிஎல் போன்ற தனிக்கருவி வேண்டியதாயிற்று.

ஓரிரு கணினிகளை மட்டும் பேணுவோர்க்கு எளிய கருவிகளே போதும். புதிய வரிகளை உடனுக்குடன் காண டெயில்; குறித்த சொல்லைத் தேட கிரெப்; சேவை, காலம், தரம் என்பவற்றால் வடிகட்ட ஜேர்னல்சிடிஎல்; பல கோப்புகளைக் கால வரிசையில் ஒன்றிணைத்து நோக்க எல்நாவ். நாள்தோறும் கண்காணிக்க ஆளில்லாதவிடத்து, லொக்வொட்ச் நாளாந்தச் சுருக்கத்தை அஞ்சலில் அனுப்பும். கணினிகள் பலவாகும்போதுதான் பதிகைகளை ஓரிடத்திற் குவித்துத் தேடும் பெருந்தொகுதிகள் தேவைப்படுகின்றன. அவை நினைவகத்தையும் பராமரிப்பு உழைப்பையும் பெருமளவில் வேண்டுவன.

இங்கு உடைமை பற்றிய வினா எழுகின்றது. பலரது கூட்டுழைப்பும் சேர்ந்து வளர்ந்த எலாஸ்டிக்சேர்ச்சின் திறந்த உரிமத்தை அதன் நிறுவனம் 2021இல் மாற்றியது. அமேசன் நிறுவனம் முந்திய நிரலினின்றும் ஓப்பன்சேர்ச்சைப் பிரித்தெடுத்தது. எலாஸ்டிக் நிறுவனம் 2024இல் திறந்த உரிமமொன்றை மீளவும் சேர்த்தது. இரு பெருமூலதனங்களுக்கிடையிலான இம்முரண்பாட்டில் சிறு பயனர்களுக்குக் குரல் இருக்கவில்லை. ஆதலின், கருவி கைமாறினும் பதிகை நம்மிடமே வாசிக்கத்தக்க வடிவில் எஞ்சுமா என்பதே தேர்வின் முதல் அளவுகோலாதல் வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் பதிகையின் இருப்பிடம். ஜேர்னலுக்கென வட்டில் நிலையான இடம் அமைக்கப்படாத கணினிகளில், அது நினைவகத்தில் மட்டுமே தங்கி, மின்தடையோடு அழிந்துவிடும். அத்துமீறி நுழைபவரும் முதலில் அழிக்க முனைவது பதிகையையே. எனவே ஆர்சிஸ்லொக் வழியாக அதன் படியொன்றை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்புதல் தகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. சான்றை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதன் விலையை இச்சமூகம் நன்கறியும்.