ஒரு நியமனம், ஒரு லட்சம் டாலர்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்துக்கென்று ஒரு பருவம் உண்டு. இலையுதிர் காலத்தில் விளம்பரம் வரும். குளிர்காலத்தில் நேர்காணல் நடக்கும். பங்குனி, சித்திரைக்குள் பணி ஆணை கைக்கு வந்துவிடும், ஆகஸ்ட்டில் வகுப்பு. 2025-இல் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தபோதுதான், செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை, அதிபர் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் புதிதாக எச்-1பி விசாவில் வேலைக்கு எடுக்க ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். இரண்டே நாளில் அது அமலுக்கு வந்தது.

எச்-1பி என்றாலே நமக்கு ஐ.டி. வேலைதான் நினைவுக்கு வரும். பிரகடனம் சாடுவதும் அவுட்சோர்சிங் கம்பெனிகளைத்தான். ஆனால் கணிதம் கற்பிக்கப் போகும் உதவிப் பேராசிரியரும், ஆய்வகத்தில் புரதங்களை ஆராயும் போஸ்ட்டாக் எனும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரும் வைத்திருப்பது அதே விசாதான். கல்விக்கூடங்களைக் கம்பெனிகளோடு சேர்த்துக் கட்டக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இலேயே சட்டம் செய்தது. ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பும் குலுக்கலும் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. எந்த மாதத்திலும் அவை விண்ணப்பிக்கலாம். புதிய கட்டணமோ இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

முன்பு ஒரு பல்கலைக்கழகம் அரசுக்குக் கட்டிய கட்டாயக் கட்டணம் ஓரிரண்டாயிரம் டாலருக்குள் அடங்கிவிடும். இப்போது கேட்கும் தொகையை, பல அரசுக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியரின் ஓராண்டுச் சம்பளமே எட்டாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025-க்கு நிர்ணயித்த போஸ்ட்டாக் தொடக்க உதவித்தொகை ஆண்டுக்குச் சுமார் 62,000 டாலர்தான். மென்பொருள் கம்பெனி இந்தச் செலவை வாடிக்கையாளர் பில்லில் ஏற்றிவிடலாம். மொழியியல் துறை யார் தலையில் ஏற்றும்?

அக்டோபர் 20-இல் ஒரு விளக்கம் வந்தது. மாணவர் விசாவில் அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர் எச்-1பிக்கு மாறினால் கட்டணம் இல்லை. ஆறுதல்தான், ஆனால் அரை ஆறுதல். தேர்வுக் குழுவின் முன் இரண்டு விண்ணப்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓஹியோவில் பிஎச்.டி. முடித்தவர், மற்றவர் சென்னையிலோ பெர்லினிலோ முடித்தவர். இரண்டாமவரின் ஆய்வு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு லட்சம் டாலர் எழுதப்பட்டிருக்கிறது. தகுதியை எடைபோட வேண்டிய இடத்தில், அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தீர்ப்புச் சொல்கிறது. இது அநியாயம்.

மாற்று வழி இல்லையா? ஜே-1 என்ற பரிமாற்ற விசா இருக்கிறது. ஆனால் நிரந்தரப் பணிக்கு இட்டுச்செல்லும் டெனியூர் பதவிகளுக்கு அது செல்லாது. ஓ-1 அசாதாரணத் திறமை கொண்டவர்களுக்கானது. முதல் வேலைக்கு வரும் இளைஞரிடம் அதற்கான சான்றுகள் எங்கே இருக்கும்?

இதைவிடக் கடுமையான காலத்தில்கூட ஆசிரியருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஆசியர்களின் குடியேற்றத்தை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டமே, இரண்டாண்டு கற்பித்த அனுபவமுள்ள பேராசிரியர்களை நாட்டுவாரி ஒதுக்கீட்டுக்கு வெளியே வைத்தது. 1930-களில் ஹிட்லரிடமிருந்து தப்பிய அறிஞர்கள் பலர் அந்தப் பிரிவின் வழியாகத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தார்கள். அந்தச் சட்டம் நடப்பிலிருந்த 1937-இல்தான் வானியற்பியலாளர் சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோதும் அங்கேதான் இருந்தார்.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அமெரிக்க வர்த்தக சபையுடன் சேர்ந்து வாஷிங்டனில் வழக்காடியது. டிசம்பர் 23-இல் நீதிபதி பெரில் ஹவல், கட்டணம் விதிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம், செவிலியர் நியமன நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் தனி வழக்குத் தொடுத்தது.

இதற்குள் மாநிலங்களும் களத்தில் இறங்கிவிட்டன. அரசுப் பல்கலைக்கழகங்களில் எச்-1பி நியமனங்களை நிறுத்தும்படி ஃபுளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் 2025 அக்டோபரில் சொன்னார். 2026 ஜனவரி 27-இல் டெக்சாஸ் ஆளுநர் ஆபட், அரசுத் துறைகளும் அரசுப் பல்கலைக்கழகங்களும் மாநிலத் தொழிலாளர் ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் புதிய எச்-1பி மனு போடக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்தத் தடைக்கு அவர் வைத்த கெடு 2027 மே 31. நேர்காணல்கள் நடந்துகொண்டிருந்த பருவமும், அதற்கடுத்த பருவம் முழுவதும் அதற்குள் போய்விடும்.