அப்புத்தளையிற் பிறந்த கிற்றார்க் கலைஞர்

பதுளை செல்லும் புகையிரதம் அப்புத்தளையைக் கடக்கும்போது, ஒருபுறம் தேயிலைச் சரிவும் மறுபுறம் தெற்கே விரிந்து செல்லும் தாழ்நிலமும் தோன்றும். அவ்வூரிலே 1943 ஆம் ஆண்டு பிறந்தவர் கிளரன்ஸ் விஜேவர்தன. சிங்கள மெல்லிசையின் போக்கை மாற்றிய கிற்றார்க் கலைஞர் அவர்.

கிற்றாரின் ஆறு தந்திகளுக்கும் இருவகைப் பணிகள் உண்டு. பல தந்திகளை ஒருசேர மீட்டிப் பாட்டுக்குத் துணைநிற்றல் ஒன்று. ஒவ்வொரு சுரமாக எடுத்துத் தானே ஒரு பாடகர்போல் இசைத்தல் மற்றொன்று. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாப் பாட்டில் முதலாவது பணியே பெரும்பாலும் அதற்கு வாய்த்தது. ஏனைய பாடல்களில் ஆர்மோனியமும் வயலினும் தபேலாவும் ஆட்சி செலுத்தின. இந்தித் திரைப்பட மெட்டைப் பெயர்த்தெடுத்துச் சிங்களச் சொற்களை அதிலே பொருத்துவதும் அந்நாளில் வழக்கமாயிருந்தது. இரவல் மெட்டு எத்துணை இனியதாயினும் இரவலே அன்றோ!

1960 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஹாங்க் மார்வின், குரலே இல்லாமல் மின்கிற்றாரைப் பாடவைத்துப் புகழ்பெற்றார். மின்கிற்றாரின் தந்தி அதிரும்போது, அதனடியிலுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகின்றன. ஒலிபெருக்கி அதனைப் பெருக்குவதால், ஒற்றைத் தந்தியின் மெல்லோசையும் மனிதக் குரலுக்கு ஈடுகொடுக்கின்றது. 1960களின் நடுவில் அனஸ்லி மாலெவனவுடன் "மூன்ஸ்டோன்ஸ்" குழுவை அமைத்த கிளரன்ஸ், இவ்வாற்றலைத் தாமே இயற்றிய சிங்கள மெட்டுக்களுக்குப் பயன்படுத்தினார். அடிக்கும் அடிக்கும் இடையே கிற்றார் மறுமொழி கூறிற்று. இலங்கை வானொலியின் விஜய கொரயா அக்குழுவுக்கு ஊக்கமளித்தார்.

தமிழிலும் அக்காலத்தை ஒட்டியே நித்தி கனகரத்தினம் கிற்றாரேந்திப் பாடினார். பின்னர் ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசைப் பாடல்கள் கடல்கடந்து தமிழ்நாட்டிலும் ஒலித்தன. கிளரன்ஸ் 1996 டிசம்பரில் மறைந்தார். இன்றும் சிங்கள இசைக்குழுக்கள் அவர் பாடல்களை மேடையேற்றுகின்றன.

அவர் பிறந்த அதே மலைகளில், தோட்ட லயங்களிலே தப்பும் காமன்கூத்துப் பாட்டும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்துள்ளன. அவை எவரிடமும் இரவல் வாங்கிய மெட்டுக்களல்ல. பாட்டன் வாயிலிருந்து பேரன் கேட்டவை. கிளரன்ஸின் மெட்டுக்கள் இசைத்தட்டேறி நாடெங்கும் பரவின. காமன்கூத்தின் மெட்டுக்களோ இன்னமும் பாடுவோரின் நினைவையே பெரிதும் நம்பியிருக்கின்றன. மாசிமாதக் குளிரில் காமன் பொட்டலிலே அவற்றைப் பாடும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.