உங்களுக்குத் தெரியுமா? சீனத் தடையைத் தாண்டும் சென்னை சிம்!

பெய்ஜிங்கில் கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மூன்றுக்கும் தடை. ஆனால் சென்னையில் வாங்கிய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு அங்கே இறங்கினால், பெரும்பாலும் மூன்றுமே வேலை செய்யும்!

• தில்லுமுல்லு எதுவும் இல்லை. ரோமிங்கில் அந்த ஊர் டவர் வெறும் வாசல்தான். நம் டேட்டா அங்கிருந்து நேராக இந்திய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. அதனால் பல இணையதளங்கள் நீங்கள் இந்தியாவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

• அதே போனை ஓட்டல் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் படுத்துவிடும்.

• சுற்றுவழி என்பதால் வேகம் குறையலாம். பக்கத்துத் தெரு உணவகத்தைத் தேடினாலும் கேள்வி இந்தியா போய்த்தான் திரும்பும்.

• குரல் அழைப்பிலும் இதே கூத்து. ஈபிள் கோபுரத்தடியில் கூட்டத்தில் காணாமல் போன கணவரை அவருடைய இந்திய எண்ணில் கூப்பிட்டால், அழைப்பு இந்தியா வந்து மறுபடி பாரிஸ் போகும். ரோமிங் பேக் இல்லையென்றால் கூப்பிட்டவருக்கும் கட்டணம், எடுத்தவருக்கும் கட்டணம். பத்தடி தூரத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

• ஐரோப்பிய ஒன்றிய சிம்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2017 ஜூன் 15 முதல் ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து இதில் சேராது.