கூட்டம் பெருகும், காவல் குறையும்

நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள நுண்ணறைகளைத் துப்புரவாக வைத்திருப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். மூச்சோடு உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கி, லைசோசோம் என்ற உள்ளறையில் நொதிகளைக் கொண்டு செரித்துவிடும். புகைபிடிப்பவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் இந்தச் செல்கள் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் புகை நோய் எதிர்ப்பைக் கூட்டுகிறது என்றுதானே பொருள் என்று ஒருவர் கேட்கலாம். எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் அவை செய்யும் வேலையையும் பார்த்தால், அந்த வாதம் நிற்காது.

புகையில் வரும் கரித்துகள்களை அந்த நொதிகளால் செரிக்க முடியாது. அவை லைசோசோமிலேயே தேங்க, செல் பழுப்பேறி மந்தமாகிறது. லைசோசோம் அடைபட்ட விழுங்கு செல்கள் காசநோய்க் கிருமி இருக்கும் இடத்துக்கு நகர்ந்து செல்லத் திணறுவதை ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணனின் குழு வரிக்குதிரை மீன்களில் கண்டு 2016இல் வெளியிட்டது. புகைபிடிப்பவர்களின் நுரையீரல் செல்களிலும் அதே அடைப்பும் அதே திணறலும் இருந்தன. இதன் விளைவைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். இங்கே இறந்த 43,000 ஆண்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வின்படி, புகைபிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். வறுமையும் நெரிசலான வீடும் காசநோயை வளர்ப்பவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகத்தில் தனியே வைத்துப் பார்க்கும்போதும் செல் தடுமாறுகிறதே, அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது.

மந்தமான செல் சும்மாவும் இருப்பதில்லை. அது விடும் வேதிச் செய்திகள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. இரு வகைச் செல்களும் கக்கும் நொதிகள், நுண்ணறைச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டினை அரிக்கின்றன. அந்த அரிப்பைத் தடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, நுண்ணறைச் சுவர்கள் சிதையும் எம்ஃபிசிமா நோய் வருவதை ஸ்வீடனில் 1963இல் கண்டறிந்தார்கள். புகையோ அந்தப் புரதத்தையே செயலிழக்கச் செய்கிறது. புகைத்தும் நெடுநாள் நலமாக வாழ்ந்தவர்கள் இல்லையா என்றால், உண்டு. மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் சேதத்தின் அளவும் வேறுபடும். ஆனால் திடீரென இறந்த இளம் ஆண்களின் நுரையீரல்களை 1974இல் ஆராய்ந்தபோது, புகைத்தவர்களின் நுண்குழாய்களில் பழுப்புச் செல்கள் அப்போதே குவிந்திருந்தன. நோய் தெரியாதிருப்பதை வைத்துச் சேதமே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. புகையை விட்டால் உடனடி அழற்சி தணிகிறது. எதிர்ப்பாற்றலில் நேர்ந்த சில மாற்றங்களோ ஆண்டுக்கணக்கில் நீடிப்பதாகப் பாஸ்டர் நிறுவனத்தின் 2024 ஆய்வு சொல்கிறது. ஆகவே இருமல் வரட்டும், அப்புறம் விடலாம் என்று காத்திருப்பதில் நியாயமில்லை.