நூறு குடத்துக்கு ஐந்து குடம்

மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய மணல். அந்த மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. பாம்பனைத் தாண்டி தனுஷ்கோடிப் பக்கம் போனால், அலைக்குப் பக்கத்திலேயே கையால் தோண்டிய ஊற்றில் மொண்டு குடம் நிரப்புகிறார்கள்.

கடல்நீரை மணல் வடிகட்டித் தருகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். மணல் கசடைத்தான் நிறுத்தும், கரைந்த உப்பை விட்டுவிடும். ஊறுவது ஐப்பசி, கார்த்திகை மழை. கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நல்ல தண்ணீர்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே போட்ட கணக்கு இது.

ஆனால் இரண்டு நீருக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை கிடையாது. அசையாத நீரில் உப்பு தானாகப் பரவினால் ஆண்டுக்கு ஓரடி நகர்வதே அதிகம். நீர் நகரும்போதுதான் வினை. துகளை உரசிப் போகும் நீர் தயங்கும், இடுக்கின் நடுவில் போவது முந்தும். துகளில் மோதிப் பிரிந்த இழைகள் வேறு வேறு நீளத்துக்குச் சுற்றி, வேறு இழைகளோடு கலக்கும். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தில் ஒன்றாக நுழைந்த குடும்பம், தூண்களுக்கிடையே ஆளுக்கொரு பக்கம் சிதறுவதுபோல. நீரியலார் இதை விரவல் என்பார்கள். மணலில் நீர் பாயும் அளவுக்கு 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி விதி தந்தார். அது தருவது சராசரியைத்தான், உப்போ அந்தச் சராசரிக்கு முன்னும் பின்னும் சிதறிப் போகிறது.

ஓதம் ஏறி வற்றும்போதெல்லாம் எல்லை கொஞ்சம் கலங்கும். மோட்டார் போட்டால் கதையே வேறு. கிணற்றில் மட்டம் இறங்க இறங்க, அடியில் கடல்நீர் கூம்பாக எழும்புகிறது. நிறுத்தினால் மட்டம் சீக்கிரம் ஏறிவிடும், கூம்பும் மெல்ல அமுங்கும். ஆனால் இடுக்குகளில் விரவிய உப்பு வந்த வழியே திரும்பாது. அடுத்த இறைப்பு இன்னும் அகலக் கலக்கும். 95 குடம் நல்ல தண்ணீரில் 5 குடம் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் மொத்த அளவே 2,000தான்.

தண்ணீர் உவர்த்ததும் போரை ஆழப்படுத்துகிறோமே, அதுதான் பெரிய தவறு. உப்பை நோக்கி நாமே இறங்குகிறோம். பசிபிக்கின் டராவா தீவில், நீர்மட்டத்தை ஒட்டித் துளைக்குழாய்களைப் படுக்கையாகப் பதித்துக் குடிநீர் எடுக்கிறார்கள். ஒரே புள்ளியில் உறிஞ்சாததால், அங்கே கூம்பு எழும்புவது குறைவு.