நாகர்கோவில் வாலிபர் பிரான்சில் கற்று வந்த வித்தை! மகேந்திரகிரியில் முழங்குகிறது ராக்கெட் என்ஜின்

நெல்லை மாவட்டத்தின் தெற்குக் கோடியில் ஒரு மலை. பெயர் மகேந்திரகிரி.

இலங்கைக்குப் போக அனுமன் காலை ஊன்றித் தாவியது இந்த மலையில் இருந்துதான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இன்றைக்கும் ஒரு தாவலுக்கு அங்கேதான் கால் ஊன்றுகிறார்கள். இந்தத் தடவை இலங்கைக்கு அல்ல. சந்திரனுக்கு!

ஆம். 2023-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சந்திரயான்-3 கிளம்பியது. புறப்பட்ட இடம் ஸ்ரீஹரிகோட்டா. ஆனால் அந்த ராக்கெட்டில் இருக்கும் "விகாஸ்" வகை என்ஜினை எரித்துப் பார்த்து, "சரி, இது பறக்கும்" என்று சொல்லும் இடம் நம்ம காவல்கிணறு பக்கத்து மலையடிவாரம்தான்.

அந்த என்ஜின் நம் கைக்கு வந்தது எப்படி? அது ஒரு பெரிய கதை. அதில் அமெரிக்கா வருகிறது, பிரான்சு வருகிறது, ஜெர்மனி வருகிறது. நாகர்கோவில் வருகிறது. ஜெயிலும் வருகிறது!

பாலத்தைத் தாண்டுங்கள்

நெல்லை ஜங்ஷனில் பஸ் ஏறுங்கள். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தாமிரபரணி வரும். ஆற்றின் மேல் சுலோசன முதலியார் பாலம்.

தினமும் போகிறோம், வருகிறோம். யார் அதைக் கவனிக்கிறார்கள்?

1843-ம் ஆண்டு திறந்த பாலம் அது. அதுவரை பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே வெள்ளம் வந்தால் தோணிதான். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தை எடுத்துக் கொடுத்தார். பாலம் எழுந்தது. லண்டனில் தேம்ஸ் நதி மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் 11 வளைவுகள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டனில் இருந்த அந்த அசல் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது வேறு பாலம். சாயல் எடுத்துக் கட்டிய நம்ம பாலம் இன்னும் பஸ்சையும் லாரியையும் சுமந்துகொண்டு நிற்கிறது.

வெளிநாட்டு வித்தையை வாங்கி, நம் ஊர் ஆற்றுக்குப் பொருத்தி, நம் சொத்தாக ஆக்குவது நெல்லைக்குப் புதிது அல்ல. அதே வேலையைத்தான் நூற்று முப்பது ஆண்டு கழித்து ஒரு நாகர்கோவில்காரர் செய்தார்.

பஸ் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டட்டும். மேற்கே மலை தெரியும். பக்கத்து சீட்டுக்காரர் கையை நீட்டுவார்: "அந்தா தெரியுதுல்லா அண்ணாச்சி, அதுக்கு அடியிலதான் ராக்கெட் ஆபீசு!"

வாணமும் ஸ்டவ்வும்

அந்த நாகர்கோவில்காரர் பெயர் நம்பி நாராயணன். 1941-ல் பிறந்தவர். நாகர்கோவில் டி.வி.டி. பள்ளியில் படித்தார். மதுரை தியாகராஜர் என்ஜினீயரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1966-ல் தும்பா ராக்கெட் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அப்போது எல்லார் கவனமும் திட எரிபொருள் ராக்கெட் மீதுதான். திட எரிபொருள் என்றால் என்ன? நம்ம சிவகாசி வாணம் மாதிரி. திரியைப் பற்ற வைத்தால் எரிந்து தீரும் வரை எரியும். நடுவில் நிறுத்த முடியாது.

திரவ எரிபொருள் அப்படி இல்லை. வீட்டு ஸ்டவ் மாதிரி. திருகினால் எரியும், மூடினால் அணையும். பெரிய பாரத்தைத் தூக்கிப் போய்க் குறி தவறாமல் விட வேண்டும் என்றால் இந்த வித்தை வேண்டும். ஆனால் இந்தியாவில் அதைக் கரைத்துக் குடித்தவர் அன்றைக்கு யார் இருந்தார்?

"நான் படிக்கிறேன்" என்றார் நம்பி.

விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் தட்டிக் கொடுத்து அனுப்பினார். 1969-ல் அமெரிக்கா பயணம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே வாத்தியார் யார் தெரியுமா? லூயிஜி குரோக்கோ. இத்தாலிக்காரர்! இத்தாலிக்காரர் அமெரிக்காவில் பாடம் சொல்ல, குமரி மாவட்டத்து வாலிபர் உட்கார்ந்து கேட்டார்.

படிப்பு முடிந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. ஊர் திரும்பினார்.

பணம் இல்லை, உழைப்பு உண்டு

1974-ம் ஆண்டு பிரான்சு கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தம் ஆனது. "வைக்கிங்" என்ற திரவ என்ஜினை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் வித்தை நமக்கு வேண்டும். கொட்டிக் கொடுக்கப் பணம் எங்கே இருக்கிறது?

பணத்துக்குப் பதில் ஆள்! அதுதான் ஒப்பந்தத்தின் அச்சாணி. இந்திய என்ஜினீயர்கள் பிரான்சு போய் அவர்களுடைய வேலையைச் செய்து கொடுப்பார்கள். மொத்தம் 100 ஆள்-ஆண்டு உழைப்பு. அதாவது ஒரு ஆள் நூறு வருஷம் செய்ய வேண்டிய வேலையை, பலர் சேர்ந்து சில வருஷத்தில் முடிப்பது. அதற்கு ஈடாக வித்தை நமக்கு.

சீன் நதிக்கரையில் வெர்னான் என்ற சிறிய ஊர். அங்கேதான் என்ஜின் வேலை. நம்பி தலைமையில் நம்மவர்கள் போய் இறங்கினார்கள். குளிர் வேறு, சோறு வேறு, பேச்சு வேறு. ஆனால் திருகாணி எல்லா ஊரிலும் திருகாணிதானே!

வரைபடம் பார்த்தார்கள். கணக்குப் போட்டார்கள். சோதனை செய்தார்கள். கூட நின்று வேலை செய்கிறவனுக்குத் தெரிகிற சூட்சுமம், வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்குத் தெரியாது. நம் ஊர் ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள், பட்டறையில் நின்றால்தான் தொழில் வரும் என்று.

ஜெர்மன் விதை

இன்னொரு ரகசியமும் உண்டு. அந்த பிரெஞ்சு என்ஜின்கூட முழுக்க பிரெஞ்சு இல்லை!

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. ஹிட்லருக்கு வி-2 ராக்கெட் செய்து கொடுத்த நிபுணர்களை அமெரிக்கா ஒரு பக்கம் கூட்டிப் போனது. ரஷியா ஒரு பக்கம் கூட்டிப் போனது. பிரான்சும் சிலரைக் கூட்டி வந்து வெர்னானில் குடியமர்த்தியது. அவர்களில் ஒருவர் கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர். அவர் அங்கே வளர்த்த என்ஜின் குடும்பத்தில் பிறந்ததுதான் வைக்கிங்.

ஜெர்மன்காரரிடம் பிரெஞ்சுக்காரர் கற்றார். பிரெஞ்சுக்காரரிடம் நம்மவர் கற்றார். கைக்குக் கை மாறி வந்த தீபம்!

நம்மவர்கள் ஊர் திரும்பி அந்த என்ஜினை இந்தியாவிலேயே செய்தார்கள். 1985-ல் வெர்னானுக்கே கொண்டுபோய் எரித்துப் பார்த்தார்கள். வெற்றி! குருவின் வாசலிலேயே சீடன் பாஸ்!

என்ஜினுக்கு "விகாஸ்" என்று பெயர். இந்தியில் "வளர்ச்சி" என்று பொருள். விக்ரம் அம்பாலால் சாராபாய் என்ற பெயரின் எழுத்துகளும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன என்பார் நம்பி.

கற்றவருக்குக் கிடைத்த பரிசு

1994-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல் முறையாக வெற்றி கண்டது. அதன் இரண்டாம் அடுக்கில் இருந்தது விகாஸ் என்ஜின்.

சரியாக ஒன்றரை மாதம். நவம்பர் 30-ந் தேதி நம்பி நாராயணன் கைது!

ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று பழி. வெளிநாட்டில் இருந்து வித்தை கொண்டு வந்தவர் மேல், வெளிநாட்டுக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு! ஊர் தூற்றியது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 50 நாள் சிறைவாசம்.

1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, வழக்கே பொய் என்று கோர்ட்டில் சொன்னது. ஆனாலும் அவர் விடவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். 2018-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. தேவையில்லாமல் கைது செய்யப்பட்டார், மனக் கொடுமைக்கு ஆளானார் என்று கூறி, ரூ.50 லட்சம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. 2019-ல் பத்மபூஷண் விருது.

கைதானபோது வயது 52. தீர்ப்பு வந்தபோது 76. நடுவில் போன 24 வருஷத்தை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

80 டன் உதை

அவர் மேல் பழி இருந்தபோதும் என்ஜின் நிற்கவில்லை. மனிதர் தலை குனிந்து நின்ற வருஷங்களிலும் விகாஸ் தலை நிமிர்ந்து பறந்தது. 2008-ல் சந்திரயான்-1, 2013-ல் மங்கள்யான், 2023-ல் சந்திரயான்-3. எல்லாவற்றிலும் விகாஸ்.

மகேந்திரகிரி அடிவாரத்தில் அதைச் சோதிக்கும் விதமே அலாதி. உயரமான மேடையில் என்ஜினை அசையாமல் பூட்டிவிடுவார்கள். இரண்டு திரவங்கள் உள்ளே பாயும். தீக்குச்சி வேண்டாம். ஒன்றை ஒன்று தொட்டதும் குப்பென்று தானே பற்றிக்கொள்ளும்! உள்ளே ஏறக்குறைய 3,000 டிகிரி சூடு. இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி போதும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளும் விசை சுமார் 80 டன். மொத்த எடை பத்து டன் உள்ள லாரிகள் எட்டை ஒரே மூச்சில் தூக்குகிற பலம்!

2021-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இதே இடத்தில் விகாசை 240 வினாடி தொடர்ந்து எரித்தார்கள். நான்கு நிமிஷம். நாளைக்கு ராக்கெட்டில் உட்காரப்போகிறவர் உயிர் அந்த நான்கு நிமிஷத்தை நம்பித்தான்.

தம்பி, தங்கச்சி!

நெல்லை அரசு என்ஜினீயரிங் கல்லூரி 1981-ல் தொடங்கியது. அங்கேயும் சுற்று வட்டாரக் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஆசை: வெளிநாடு!

ஆசை தப்பே இல்லை. போங்கள். ஜெர்மன்காரரிடம் படியுங்கள், ஜப்பான்காரரிடம் படியுங்கள். ஆனால் நம்பியும் அவருடன் போனவர்களும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு போகவில்லை. உழைப்பைக் கொடுத்தார்கள், வித்தையை வாங்கினார்கள். வாங்கியதை ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

ஊருக்கும் ஒரு வார்த்தை. வெளியே போய்க் கற்று வருகிறவனைச் சந்தேகக் கண்ணால் பார்த்தால், அடுத்த தடவை எவன் திரும்பி வருவான்?

இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ் பாலத்தைத் தாண்டும். ஜன்னல் வழியாக ஒரு தடவை அந்தப் பழைய வளைவுகளை எட்டிப் பாருங்கள். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அதற்கும் காட்டிக் கொடுங்கள்.